தென்காசிச் சீமையில் நூல் வளர்ந்த வரலாறு

தமிழ் இலக்கியத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் புலவர்களின் காலத்தையும் நூல்களின் நயத்தையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்த நூல்களைப் படியெடுத்தவர், அச்சுக் கோத்தவர், பிழை திருத்தியவர், கைப்பொருள் போட்டு வெளியிட்டவர், தோளில் சுமந்து விற்றவர் ஆகியோரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் முகவுரையின் இறுதிப் பத்தியில் ஒரு நன்றியுரையாக ஒடுங்கிவிட்டன. ஒரு நூல் பிறப்பதற்குப் புலவன் போதும். அது வாழ்வதற்கு அதைத் தாங்குகிற கை ஒன்று வேண்டும். அந்தக் கை மன்னனுடையதாக இருந்து, மடத்தினுடையதாகி, பிறகு பங்குதாரர்களுடையதாகவும் வாசகர்களுடையதாகவும் மாறிய வரலாறு முழுவதையும், ஒரு பகற்பொழுதில் வண்டியில் சுற்றிவந்துவிடக்கூடிய தென்காசி, குற்றாலம், மேலகரம், கடையம் என்னும் ஊர்களை வைத்தே சொல்லிவிடலாம் என்பது இந்தச் சீமைக்கு உரிய தனிப்பெருமை.

தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலைப் 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், தன் காலத்துக்குப் பின் அந்தத் திருப்பணியைப் பேணிக் காப்போரை இப்போதே வணங்குகிறேன் என்னும் கருத்தமைந்த செய்யுளைக் கல்லிலே பொறித்துச் சென்றான். நூலைப் பற்றிச் சொன்னதன்று அது. ஆயினும் ஆக்குவதைவிடக் காப்பது அரிது என்பதை உணர்ந்த ஒருவனுடைய வாக்கு என்ற அளவில் நூலுக்கும் பொருந்தும். அவன் மரபில் பின்னர் வந்த அதிவீரராம பாண்டியர் நைடதமும் காசிகாண்டமும் பாடினார். அவருடைய தமையனாராகச் சொல்லப்படும் வரதுங்கராம பாண்டியர் பிரமோத்தர காண்டத்தை இயற்றினார். நூலை இயற்றியவரும் அதைத் தாங்கியவரும் ஒருவராகவே இருந்த காலம் அது. அதிவீரராமருடைய வெற்றிவேற்கையோ திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளின் கையேடாகிப் பிற்காலத்தில் அச்சுக்கூடங்களுக்கும் நிலையான வேலை தந்தது. அரண்மனையில் எழுந்த நீதி நூல் பள்ளிப் பாடப் புத்தகமாகி, புத்தக வியாபாரிகளின் ஜீவனத்துக்கும் துணையாயிற்று.

ஏட்டுச் சுவடிக் காலத்தில் வெளியீடு என்பது அரங்கேற்றமும் படியெடுத்தலும் சேர்ந்ததாகவே இருந்தது. மேலகரத்தில் தோன்றிய திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடியதற்கு, மதுரையை ஆண்ட முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் அளித்த நிலம் குறவஞ்சிமேடு என்ற பெயராலேயே வழங்கி வந்திருக்கிறது. அரங்கேறிய நூல், ஏடு எழுதுவோருடைய கைக்குப் போகும். பதப்படுத்திய ஓலையில் எழுத்தாணியால் கீறி, மை தடவித் துடைத்து, துளையிட்டுக் கயிற்றில் கோத்துச் சட்டமிட்டுக் கட்டிவைக்கும் அந்தத் தொழிலாளருக்கு, மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கமும் இல்லை. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்திக் காட்டும் குறியும் இல்லை. ஓலை கிழியாதிருக்கப் புள்ளி தவிர்க்கப்பட்டது; அதன் பலனாக வந்த ஐயங்களைத் தீர்ப்பதற்காகவே பிற்காலத்தில் பதிப்பாசிரியர் என்னும் புதிய வித்துவான் ஒருவர் தேவைப்பட்டார்.

அச்சு இந்த நாட்டுக்குப் புதிதன்று. 1578-இலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தால் நூல் அச்சாயிற்று. 1586-இல் நெல்லைக் கடற்கரைப் புன்னைக்காயலில் அடியார் வரலாறு அச்சாயிற்று. ஆனால் சமயப் பிரசாரகர்களிடமும் அரசாங்கத்தாரிடமும் இருந்த அந்தக் கருவி, 1835-ஆம் ஆண்டில் சட்டத் தடை நீங்கிய பிறகே சுதேசிகளின் கைக்கு எளிதாக வந்தது. அப்போதும் தமிழ் வித்துவான்களுக்கு இருந்த இடையூறு பணந்தான். அந்த இடைக்காலத்தில் மடங்கள் செய்த உதவி பெரிது. திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவராக விளங்கிய சுப்பிரமணிய தேசிகர் இந்த மேலகரத்தில் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை ஆதரித்தும், அவருடைய மாணாக்கராகிய உ.வே. சாமிநாதையரைப் பிள்ளையின் மறைவுக்குப் பின்னும் தம் நிழலில் வைத்து வளர்த்தும், மடத்துச் சுவடிச் சாலையை ஆராய்ச்சிக்குத் திறந்துவிட்டும் அவர் செய்த உபகாரத்தால் வளர்ந்த புலமையே 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாகப் பயன் தந்தது. அதற்கு வேண்டிய பொருளைக் கையொப்பம் திரட்டித்தான் ஐயரவர்கள் சேர்த்தார்கள்; அதாவது நூல் வெளிவருவதற்கு முன்னரே வாங்கிக்கொள்வதாக ஒப்பி முன்வந்த அன்பர்களின் துணையால் அது அச்சேறிற்று. மடத்தின் ஆதரவும் வாசகரின் கையொப்பமும் சந்தித்த இடம் அதுவே. நூல் வெளிவந்த சில மாதங்களில் தேசிகர் பரிபூரணமடைந்தார். ஆதரிக்கும் பொறுப்பு அப்போதே பிரபுக்களிடமிருந்து பொதுமக்களை நோக்கி நகரத் தொடங்கிவிட்டது.

இத்தகைய ஆதரவு எதுவும் கிட்டாமலே பிழைத்த நூல்களும் இந்தச் சீமையில் உண்டு. செங்கோட்டை ஆவுடையக்காளின் வேதாந்தப் பாடல்களை இப்பக்கத்துப் பெண்கள் வாயால் பாடியும் கையால் நோட்டுகளில் எழுதியும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரிகள் அவற்றைத் தேடித் திரட்டினார். எந்த மடத்தின் பண்டாரத்திலும் இல்லாத சுவடிச் சாலை சமையற்கட்டிலும் ஊஞ்சற் கூடத்திலும் இருந்தது என்பதை நூற்பதிப்பின் வரலாறு மறக்கலாகாது.

இனி இந்த வரலாற்றின் நடுநாயகமான சம்பவத்துக்கு வருவோம். புதுச்சேரியை விட்டு வந்து, கடலூரில் கைதாகி, 1918 டிசம்பரில் விடுதலையான சுப்பிரமணிய பாரதியார், மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்துக்கு வந்து சேர்ந்தார். தென்காசிக்குத் தெற்கே அம்பாசமுத்திரம் போகும் பாதையில் உள்ள அந்த ஊரில், அரசாங்கத்தின் நிபந்தனைகளுக்கும் வறுமைக்கும் இடையில் அவர் சுமார் இரண்டு வருஷம் வாழ்ந்தார். 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய பாடல்களை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியதுண்டு. 1917-இல் பரலி சு. நெல்லையப்பர் கண்ணன் பாட்டை வெளியிட்டதுண்டு. முன்னது பிரபுவின் கொடை. பின்னது சீடனின் அன்பு. இவ்விரண்டையும் நம்பி மட்டுமே ஒரு கவி வாழ வேண்டியதில்லை என்ற தீர்மானத்தோடு, 1920-இல் கடையத்திலிருந்து பாரதியார் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்.

அந்தத் திட்டம் இன்று படிப்பவரையும் திகைக்க வைக்கும். பன்னிரண்டு வருஷ உழைப்பில் சேர்ந்த கையெழுத்துப் பிரதிகளை 40 தனிப் புத்தகங்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றிலும் முதற்பதிப்பாக 10,000 பிரதிகள் அச்சிடுவது. இதற்கு முதற்செலவு 20,000 ரூபாய். ஓரிரு வருஷங்களில் ஒன்றரை லட்சம் ரூபாய் லாபம். நண்பர்கள் தருவதை நன்கொடையாகக் கேளாமல் கடனாகவே கேட்டார். முத்திரைத்தாளில் பத்திரம் எழுதித் தந்து மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி கொடுப்பதாகவும் வாக்களித்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு தம் புத்தகங்கள் செலவாகும் என்பது அவருடைய நம்பிக்கை.

கணக்கைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். நாற்பதும் பத்தாயிரமும் பெருக்கினால் 4,00,000 பிரதிகள். முதற்செலவாகிய 20,000 ரூபாயை அவற்றுக்குப் பங்கிட்டால் ஒரு புத்தகத்துக்கு ஓரணாவுக்கும் குறைவே விழுகிறது. ஆகையால் முதலில் விற்கும் நூல்களின் வரவைக் கொண்டே பின்னவற்றை அச்சிடுவது அவர் எண்ணமாக இருந்திருக்க வேண்டும். லாபத்தைப் பங்கிட்டால் பிரதிக்கு ஆறணா வருகிறது. சிறிய லாபம், பெரிய விற்பனை, கையிருப்பை உடனுக்குடன் சுழற்றுவது என்னும் இந்த மூன்றும் பிற்காலத்து மலிவுப் பதிப்பு நிலையங்களின் ஆதார சூத்திரங்கள். பாரதியார் இதில் கண்டது கனவென்று சொல்லிப் புறந்தள்ளுவது பிழை. அவருக்குக் குறைந்தவை முதலும், ஊர்தோறும் புத்தகத்தைக் கொண்டு சேர்க்கும் ஏஜெண்டுகளும், படிக்கத் தெரிந்த ஜனத்தொகையும் ஆகும். திட்டம் நிறைவேறவில்லை. 1920 முடிவதற்குள் அவர் சென்னைக்குச் சென்று சுதேசமித்திரனில் மீண்டும் அமர்ந்தார். 1921 செப்டம்பரில் காலமானார்.

அதே 1920-ஆம் வருஷம், அதே ஜில்லாவின் தலைநகரமாகிய திருநெல்வேலியில், செப்டம்பர் மாதம் 21-ஆம் தேதி தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தோன்றியது. திருவரங்கம் பிள்ளையும் அவர் தம்பி வ. சுப்பையா பிள்ளையும் முன்னின்று நடத்திய அந்த ஸ்தாபனம், பங்கு சேர்த்த கம்பெனியாக அமைந்தது. 1923-இல் செந்தமிழ்ச் செல்வி என்ற பத்திரிகையையும் தொடங்கி, சங்க நூல்களையும் சமய நூல்களையும் பாடப் புத்தகங்களையும் ஒருசேர வெளியிட்டு, ஒன்றின் வரவால் மற்றொன்றின் செலவைத் தாங்கி அது நிலைத்தது. கடையத்தில் எழுந்த எண்ணமும் நெல்லையில் எழுந்த நிறுவனமும் வாசகர்களையே நம்பின. முன்னது ஒரு தனி மனிதனின் தோளில் இருந்தது, பின்னது பலருடைய பங்கில் இருந்தது. புத்தகத் தொழில் நிலைபெறக் கூட்டு முதலும் நாள்தவறாத நிர்வாகமும் வேண்டும் என்பதை அந்த ஒரே வருஷம் இரண்டு வகையாலும் எடுத்துக் காட்டிற்று.

பாரதியாருக்குப் பின் அவருடைய நூல்களை வெளியிட முதலில் முனைந்தவர் கடையத்துப் பெண்ணாகிய செல்லம்மாளே. 1922-இல் பாரதி ஆசிரமம் என்ற பெயரால் ஸ்வதேச கீதங்களை அவர் வெளியிட்டார். அதன் பின் பாரதி பிரசுராலயம் அப்பணியை ஏற்றது. உரிமைகள் கைமாறி, ஒலிப்பதிவுக்கும் படத்துக்கும் உரிய பங்கு தனியே விலைபோய், கடைசியில் பொதுமக்களின் கிளர்ச்சியால் 1949-இல் சென்னை அரசாங்கம் அவற்றை ஏற்று, 1955-இல் பொதுவுடைமையாக்கியது. அதன் பிறகு எந்தப் பதிப்பகத்தாரும் பாரதியை அச்சிடலாம் என்றாயிற்று. கடையத்துச் சுற்றறிக்கையில் கண்ட நாலு லட்சம் என்னும் எண்ணைத் தமிழுலகம் எப்போதோ கடந்துவிட்டது. கவிக்கும் அவர் குடும்பத்துக்கும் உரிய காலத்தில் அந்தப் பயன் சேரவில்லை என்பதே வருத்தம்.

குற்றாலத்துக்கு இன்னொரு பங்கும் உண்டு. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் உத்தியோகங்களிலிருந்து விலகியபின் இங்கே தங்கி, சாரல் காலத்தில் வந்து கூடிய ராஜாஜி, கல்கி முதலிய நண்பர்களுக்குக் கம்பனைப் பாடிக் காட்டினார். அவ்வாறு வாய்மொழியாக இருந்த ரசனை, கல்கி பத்திரிகையில் தொடராக வந்து பின்பு நூலாயிற்று. பத்திரிகையில் வாசகரைத் தேடிக்கொண்ட பிறகு புத்தகமாக வருவது என்ற வழக்கம் தமிழில் வேரூன்றிய காலம் அது. அவருடைய நூல்கள் சில பொதிகைமலைப் பதிப்பு என்ற பெயர் தாங்கி வந்தன. செய்யுளைச் சொற்சொல்லாகப் பிரித்து, பாடும் தாளம் கண்ணுக்குத் தெரியுமாறு அச்சிட வேண்டும் என்பது அவர் கொள்கை. இடைச்செருகல் என்று பல பாடல்களை அவர் விலக்கியதையும் பாடங்களைத் திருத்தியதையும் வித்துவான்கள் வன்மையாக மறுத்தார்கள். பாடபேதங்களை எல்லாம் அடிக்குறிப்பில் தரும் ஐயரவர்களின் நெறியே பதிப்புத் தொழிலுக்குச் சிறந்த பிரமாணம் என்பது என் துணிபு. ஆயினும் செய்யுள் என்றால் அஞ்சி ஓடிய சாதாரண வாசகனைப் புத்தகத்தின் பக்கம் இழுத்து வந்த பெருமை ரசிகமணிக்கு உரியது.

இவ்வளவு பெயர்களையும் சொன்ன பின், பெயர் தெரியாதவர்களின் கைத்திறனையும் சொல்லியாக வேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டர், அறை அறையாகத் தடுத்த கேஸின் முன் நின்றபடி, கையில் பிடித்த ஸ்டிக்கில் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாக அடுக்குவார். உயிர்மெய்களின் பெருக்கத்தால் தமிழ்க் கேஸின் அறைகள் நூற்றுக்கணக்கில் விரியும், அத்தனையும் அவர் விரலுக்கு மனப்பாடம். சிறிய அச்சகங்களில் டைப் மிகக் குறைவாகையால், ஒரே தடவையில் அச்சாகும் பக்கத் தொகுதியாகிய ஒரு பாரத்தைக் கோத்து, புரூப் எடுத்துத் திருத்தி, அச்சடித்து முடித்து, அந்த எழுத்துகளைப் பிரித்து மீண்டும் அறைகளில் போட்ட பிறகுதான் அடுத்த பாரத்தைத் தொட முடியும். இரண்டாம் பதிப்பு என்றால் முழுப் புத்தகத்தையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். பழைய தமிழ் நூல்கள் பல மறுபதிப்புக் காணாமல் போனதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்தபோது கம்பாசிட்டரின் தொழில் ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. சிலர் தட்டச்சுக்கும் பக்க அமைப்புக்கும் மாறினார்கள், பலர் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள். இன்று ஐம்பது பிரதி வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம். பிழை திருத்துகிற கண் மட்டும் முன்னைப் போலவே மனிதனுடையதாக இருக்க வேண்டியிருக்கிறது.

1948-இல் இயற்றிய சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின், நூலகங்கள் வாங்கும் பிரதிகளையே ஆதாரமாகக் கொண்டு தமிழ்ப் பதிப்பகங்கள் பல வாழ்ந்து வந்திருக்கின்றன. மன்னனும் மடாதிபதியும் ஜமீன்தாரும் இருந்த ஆசனத்தில் அரசாங்கம் அமர்ந்தது. அது நன்மையே. எனினும் ஓர் ஆர்டர் தாமதித்தால் பதிப்பகம் தள்ளாடும் நிலையில் நூற்றொழில் இருக்குமானால், பாரதியார் 1920-இல் நம்பிய வாசகன் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

2019-இல் தனி மாவட்டமாகிய தென்காசிக்கு இந்த வரலாறு ஒரு கடமையை விதிக்கிறது. வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் ஏடுகளையும் பாட்டு நோட்டுகளையும் முதற்பதிப்புகளையும் அழியவிடாமல் மாவட்ட நூலகத்தில் சேர்க்க வேண்டும்; அச்சகங்களில் உழைத்து ஓய்ந்த முதியோரின் அனுபவங்களை அவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும்; கடையத்துச் சுற்றறிக்கையை இந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் படிக்குமாறு செய்ய வேண்டும். இவை அரசாங்கமும் சங்கங்களும் செய்யத் தக்கவை. நம்மில் ஒவ்வொருவரும் செய்யத் தக்கது இன்னும் எளிது: பிடித்த நூலை இரவல் கேளாமல் விலை கொடுத்து வாங்குங்கள்.