பொன்மலை ஆட்குறைப்பு அறிவிப்பு (1928)

திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய தென்னிந்திய ரயில்வே கம்பெனி, செலவைக் குறைப்பதற்காக 3,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை நீக்கப்போவதாக 1928-இல் அறிவித்த நிகழ்வு. நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனையைத் திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாற்றும் ஏற்பாட்டோடு சேர்ந்தே இந்த முடிவும் வந்தது.

யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவுசெய்யக் கம்பெனி திறன் தேர்வை நடத்த முற்பட்டது. பல்லாண்டு பட்டறையில் இரும்போடு உழைத்தவரை, வேலை தெரியுமா என்று புதிதாகச் சோதிப்பது இது. நிதிக் காரணத்துக்காக எடுத்த முடிவைத் தொழிலாளியின் திறமைக் குறைவாகக் காட்டியதுதான் இந்த அறிவிப்பின் பெரும் அநீதி. வேலை போவதோடு மானமும் போகும் என்று தொழிலாளர்கள் கொதித்ததில் வியப்பில்லை.

தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஜூலையில் தென்னிந்தியா எங்கும் ரயில் போக்குவரத்து நிலைகுலைந்தது. அரசு அடக்குமுறையை ஏவியது. வேலைநிறுத்தத்தின் தலைவர்களான சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் முதலியோர் கைதாகிச் சிறை சென்றனர். சங்கத்தின் பதிவும் ரத்தானது.

ஆட்குறைப்பை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்ற சட்ட வரையறை பின்னாளில்தான் வந்தது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட 25எஃப் பிரிவு, ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளிக்குக் காரணத்தோடு ஒரு மாத எழுத்துவழி அறிவிப்பு அல்லது அதற்கீடான சம்பளம் தரச் சொன்னது. முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாக இருந்தது. கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் நீக்குவது 25ஜி பிரிவின் பொதுவிதியாக இருந்தது.