பழைய பித்தளை ரயில் எஞ்சின் வீட்டில் இருக்கிறதா? விற்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவின் வீட்டைக் காலி செய்யும்போது, பித்தளையில் செய்த சிறிய நீராவி எஞ்சின் ஒன்று அலமாரியில் கிடைக்கலாம். பழைய சாமான் லோரிக்காரர் அதைத் தராசில் வைத்துக் கிலோ கணக்கில் விலை சொல்வார். இணையத்தில் தேடினால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கேட்கும் விளம்பரங்கள் கண்ணில் படும். இரண்டில் எதையும் உடனே நம்ப வேண்டியதில்லை. பொருள் எது என்று தெரிந்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

நான்கு வகைகள்

முதல் வகை, உண்மையாகவே நீராவியில் ஓடுபவை. பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விற்கப்பட்ட இந்தப் பித்தளை எஞ்சின்களில் கொதிகலனும் ஸ்பிரிட் விளக்கும் இருக்கும். பல எஞ்சின்கள் தண்டவாளம் இல்லாமல் தரையிலேயே ஓடின. போகும் வழியெல்லாம் தண்ணீர் சொட்டியதால் சேகரிப்பாளர்கள் இவற்றை 'டிரிப்ளர்' என்கிறார்கள்.

இரண்டாவது வகை, மின்மோட்டார் பொருத்திய சேகரிப்பு மாதிரிகள். 1950-களிலிருந்து ஜப்பானியப் பட்டறைகளும் பின்னர் கொரியப் பட்டறைகளும் அமெரிக்கச் சந்தைக்காக இவற்றைச் சிறிய எண்ணிக்கையில் செய்தன. மெல்லிய தகடுகளையும் கம்பிகளையும் கையால் பற்றவைத்துச் செய்ததால் ஒவ்வொரு குழாயும் கைப்பிடியும் தனித்தனியாகத் தெரியும்.

மூன்றாவது, தொழில் தெரிந்தவர் ஓய்வு நேரத்தில் கையால் செய்தது. நான்காவது, வார்ப்பில் செய்த அலங்காரப் பொருள். அதில் மோட்டாரோ கொதிகலனோ இருக்காது. கதவும் குழாயும் உடலோடு ஒட்டிய வெறும் புடைப்புகளாக இருக்கும்.

'கே.டி.எம்.' முத்திரை

நம் நாட்டில் பலரும் ஏமாறக்கூடிய இடம் இது. எஞ்சினின் அடியிலோ பெட்டியிலோ 'கே.டி.எம்.' என்று இருந்தால், கெரெத்தாப்பி தானா மெலாயு கொடுத்த நினைவுப் பரிசு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஜப்பானின் புகழ்பெற்ற மாதிரி ரயில் நிறுவனமான கட்சுமியின் முத்திரையும் அதே மூன்று எழுத்துகள்தான். 'ஜப்பான்' என்ற சொல்லோ, பசிபிக் ஃபாஸ்ட் மெயில், வெஸ்ட்சைட் போன்ற அமெரிக்க இறக்குமதியாளர் பெயரோ உடன் இருந்தால் அது இரண்டாவது வகை. அதற்கும் மலாயா ரயிலுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை.

அளவும் சக்கரமும்

அது ஓடும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் 'எச்.ஓ.' அளவு, 32 என்றால் 'ஓ' அளவு, 45 என்றால் 'ஒன்று' எனப்படும் அளவு. மலாயாவின் உண்மையான தண்டவாள அகலம் 1,000 மில்லிமீட்டர். அதை 'எச்.ஓ.' விகிதமான 87-இல் ஒரு பங்காகக் குறைத்தால் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் வரும்.

அடுத்து முன்சக்கரம், ஓட்டுசக்கரம், பின்சக்கரம் என்று பிரித்து எண்ணுங்கள். 4-6-2 என்று வந்தால் அது 'பசிபிக்' வகை. 1938 முதல் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் மலாயாவுக்குக் கட்டித் தந்த, பின்னாளில் '56' என்று எண்ணிடப்பட்ட ரகமும் இந்த வகைதான். ஆனால் உலகம் முழுவதும் பசிபிக் எஞ்சின்கள் ஓடின. சக்கர எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

'எஃப்.எம்.எஸ்.ஆர்.' என்ற எழுத்து இருந்தால், 1948-இல் மலாயா ரயில்வே என்ற பெயர் வருவதற்கு முந்தைய எஞ்சினை அது காட்டுகிறது. அந்த மாதிரியும் அந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது.

பித்தளையா, முலாம் பூசிய இரும்பா என்று அறியக் காந்தம் போதும். பித்தளையில் அது ஒட்டாது. மோட்டாருக்குள்ளேயே காந்தம் இருக்கும் என்பதால் வெளிக்கூட்டில் மட்டும் வைத்துப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

குத்துவிளக்கைப் போல் புளி போட்டுத் துலக்காதீர்கள். பிராசோவும் வேண்டாம். மேற்பூச்சும் பழைய எழுத்தும் போய்விட்டால் திரும்ப வராது. அவற்றோடு விலையும் போகும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

நீராவி வகை என்றால் விளக்கை ஏற்றிப் பார்க்காதீர்கள். பழைய கொதிகலனின் பற்றவைப்பு பலவீனமாகி வெடிக்கக்கூடும். சிலவற்றில் வெப்பக் காப்புக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருப்பார்கள். கொதிகலனைச் சுற்றிய உறையைப் பிரிக்காதீர்கள்.

விலை எதைப் பொறுத்தது?

தயாரித்தவர் யார், எந்த எஞ்சினின் மாதிரி, எத்தனை செய்யப்பட்டன, எல்லாப் பாகங்களும் உள்ளனவா என்பவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. நிலக்கரி வண்டி காணாமல் போனாலோ வீட்டில் யாராவது பெயின்ட் அடித்திருந்தாலோ விலை இறங்கும். அசல் பெட்டியும் காகிதமும் இருந்தால் ஏறும். வெறும் பழமைக்கு விலை இல்லை. நுணுக்கமும் ஒலியும் கொண்ட புதிய பிளாஸ்டிக் மாதிரிகள் வந்த பிறகு, பழைய ஜப்பானிய மாதிரிகள் பலவற்றின் விலை இறங்கியுள்ளது.

இணையத்தில் 'கேட்கும் விலை'யைப் பார்க்காமல், ஏலத்தில் 'விற்று முடிந்த விலை'யைப் பாருங்கள். நான்கு பக்கமும், அடிப்பகுதியும், எழுத்துகளும் தெரியப் படமெடுத்து, குறைந்தது இருவரிடம் கருத்துக் கேளுங்கள். மதிப்பிடுபவரே வாங்கவும் முன்வந்தால் அன்றே விற்காதீர்கள்.

முத்திரை இல்லாத எஞ்சின்

கையால் செய்த எஞ்சினில் எந்த முத்திரையும் இருக்காது. ஏலத்தில் அதற்குக் கிடைக்கும் தொகை குறைவாக இருக்கலாம். ஆனால் செந்தூல் பட்டறையிலோ வேறு ரயில் பட்டறையிலோ வேலை பார்த்த ஒருவர் செய்தது என்று சான்றோடு சொல்ல முடிந்தால், அது இந்நாட்டுத் தமிழர் உழைப்பின் ஆவணம். செய்தவர் பெயர், பணி எண், எந்த ஊர், எந்த ஆண்டு என்று விவரம் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய புகைப்படமும் பணிச் சான்றிதழும் இருந்தால் எஞ்சினோடு சேர்த்து வையுங்கள். அவை இல்லாவிட்டால், தராசில் நிற்கும் எடைதான் அதன் மதிப்பாகிவிடும்.