முடக்குவாதம், லூபஸ்: ரத்தப் பரிசோதனை எண்கள் தெரிவிப்பது என்ன?

முடக்குவாதமும் லூபஸும் தன்னுடல் தாக்கு நோய்கள். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் உடலின் சொந்தத் திசுக்களையே தாக்குவதால் இவை உண்டாகின்றன. இந்நோய்கள் சில காலம் தணிந்தும் சில காலம் தீவிரமடைந்தும் காணப்படும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் உள்ள இத்தீவிரமே 'நோய்ச் செயல்பாடு' எனப்படுகிறது. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இதைப் பொறுத்தே முடிவு செய்யப்படும்.

நோய் எதிர்ப்புச் செல்கள் தமக்குள் செய்தி அனுப்பச் சுரக்கும் சிறு புரதங்களுக்கு சைட்டோகைன்கள் என்று பெயர். முடக்குவாதத்தில் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 ஆகியவை மூட்டுச் சவ்வை வீங்கச் செய்து, நாளடைவில் எலும்பையும் அரிக்கின்றன. இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்டுவதால் சி.ஆர்.பி. என்னும் புரதம் ரத்தத்தில் மிகுகிறது. எனவே வழக்கமான சிகிச்சையில் சைட்டோகைன்களை நேரடியாக அளக்கத் தேவையில்லை, சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். பரிசோதனைகளே போதும். சி.ஆர்.பி. விரைவில் ஏறி விரைவில் இறங்கும். ஈ.எஸ்.ஆர். மெதுவாகவே மாறும், ரத்தசோகை, கர்ப்பம், முதுமை ஆகியவற்றிலும் அது கூடுதலாக இருக்கும்.

எண் மட்டுமே நோய் அன்று. மருத்துவர் 28 மூட்டுகளில் வலியையும் வீக்கத்தையும் பார்த்து, நோயாளி தம் நிலையைப் பற்றிக் கூறுவதையும் சேர்த்தே முடக்குவாதத்தின் செயல்பாட்டைக் கணக்கிடுகிறார். சி.ஆர்.பி. இயல்பாக இருந்தும் மூட்டுகள் வீங்கியிருப்பவர்கள் உண்டு.

லூபஸில் நிலைமை வேறு. அதில் இன்டர்ஃபெரான் என்னும் சைட்டோகைன் முதன்மையானது. நோய் தீவிரமாக இருக்கும்போதும் சி.ஆர்.பி. பெரும்பாலும் அதிகம் ஏறுவதில்லை. காய்ச்சலுடன் அது வெகுவாக உயர்ந்தால் முதலில் நோய்த்தொற்றையே சந்தேகிக்க வேண்டும். ஆகவே இந்நோய்க்கு சி-3, சி-4 அளவுகள், டி.என்.ஏ. எதிர்ப்பொருள், சிறுநீரில் புரதம் ஆகியவை பார்க்கப்படுகின்றன.

உப்பளத்திலும் கடலிலும் உழைப்போர் கவனத்திற்கு

சூரியனின் புற ஊதாக் கதிர்கள் தோல் செல்களைச் சிதைத்து இன்டர்ஃபெரான் சுரப்பைத் தூண்டி, லூபஸைக் கிளப்பிவிடக்கூடும். வேப்பலோடை, தருவைகுளம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி பகுதிகளின் உப்பளங்களில் வெயில் மேலிருந்து மட்டும் விழுவதில்லை; வெண்ணிற உப்பும் அதைத் திருப்பி வீசுகிறது. தலைத்துண்டு மட்டும் போதாது. முழுக்கை ஆடையுடன் முகத்திற்கும் பாதுகாப்பு தேவை. இயன்றவரை அதிகாலை வேலையையோ கொட்டகைக்குள் மூட்டை கட்டும் வேலையையோ கேட்டுப் பெறுங்கள்.

அதைவிடக் கவலை தருவது வலி மாத்திரை. வியர்த்து நீர்ச்சத்து குறைந்த உடலில் டைக்ளோஃபினாக் போன்றவற்றை நாள்தோறும் உட்கொள்வது சிறுநீரகத்தைப் பாதிக்கும். லூபஸும் பலருக்கு அதே உறுப்பைத் தாக்குகிறது.

சங்கு குளிப்பவர்களுக்குத் தோளிலோ இடுப்பிலோ ஏற்படும் வலி, ஆழத்திலிருந்து விரைந்து மேலேறுவதால் உண்டாகும் அழுத்தநீக்க நோயாகவோ எலும்புச் சிதைவாகவோ இருக்கலாம். அது தன்னுடல் தாக்கு நோய் அன்று. எனவே மருத்துவரிடம் தொழிலைச் சொல்ல மறவாதீர்கள்.

மருந்தும் பரிசோதனையும்

மெத்தோட்ரெக்சேட் பலன் காட்டப் பல வாரங்கள் ஆகும். சி.ஆர்.பி. இயல்புக்கு வந்ததும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். அந்த எண் இறங்கியதே மருந்தினால்தான். நிறுத்தினால் நோய் மீண்டும் எழ வாய்ப்பு அதிகம். முடக்குவாதத்திற்கு இம்மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை வீட்டிலுள்ளோரும் அறிந்திருக்கட்டும். கருத்தரிக்கத் திட்டமிடுவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஸ்டீராய்டை மருந்துக்கடையில் தாமாக வாங்கவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது.

டி.என்.எஃப். தடுப்பு ஊசிகள் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பக்கூடும் என்பதால், தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். இன்டர்லூக்கின்-6 செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் பெறுவோருக்கு நோய்த்தொற்று இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறாமலிருக்கலாம். அவர்கள் காய்ச்சல் வந்தால் அந்த எண்ணை நம்பிக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல், மூச்சுத்திணறல், சிறுநீரில் நுரை, கால் வீக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். பழைய பரிசோதனைச் சீட்டுகளையும் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் கையோடு எடுத்து வாருங்கள்.