இடியா, குரலா?

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வேதபாடம் வாசிக்கிறவன் நான். யோவான் 12ஆம் அதிகாரம் வந்தால் என் வாசிப்பு தானாக மெதுவாகிவிடும். பஸ்கா பண்டிகை, எருசலேம் கொள்ளாத கூட்டம். சாவு நெருங்கிய கலக்கத்தில் இயேசு பிதாவை நோக்கி வேண்டுகிறார். வானத்திலிருந்து பதில் வருகிறது. பக்கத்தில் நின்றவர்களில் சிலர் இடி இடித்தது என்கிறார்கள். வேறு சிலர், தேவதூதன் பேசினான் என்கிறார்கள். இந்தக் குரல் உங்களுக்காகத்தான் வந்தது என்கிறார் இயேசு. யாருக்காக வந்ததோ அவர்களுக்கே அது பிடிபடவில்லை! கடவுள் பேசினார் என்று நம்பி எழுதியவர், இடி என்று சொன்னவர்களையும் மறைக்காமல் எழுதிவைத்தார். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

இடி என்றது வெறும் அறியாமையும் அல்ல. சீனாய் மலையில் இடியும் மின்னலும் எக்காளமுமாகத்தான் கடவுள் இறங்கினார் என்று கேட்டு வளர்ந்த மக்கள் அவர்கள். பத்மு தீவில் கண்ட காட்சிகளைச் சொல்லும் வெளிப்படுத்தல் நூலிலும் அதே எக்காளம், அதே இடிமுழக்கம், கூடவே பெருவெள்ளத்தின் இரைச்சல்.

குரல் யாருக்காக வந்தது என்பதில் இயேசுவின் ஞானஸ்நானக் காட்சியிலும் வேறுபாடு உண்டு. மாற்குவில் குரல் இயேசுவிடமே பேசுகிறது; மத்தேயுவில் அவரைப் பற்றிப் பிறருக்குச் சாட்சி சொல்கிறது.

தமஸ்கு சாலையில் சவுல் என்ற பவுலுக்குக் குரல் கேட்ட கதை இன்னும் கூர்மையானது. அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் சவுலோடு போனவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள், ஆளைக் காணவில்லை. 22ஆம் அதிகாரத்தில் பவுலே சொல்கிறார்: அவர்கள் வெளிச்சத்தைக் கண்டார்கள், குரலைக் கேட்கவில்லை. சத்தம் கேட்டது, பொருள் விளங்கவில்லை என்று உரையாசிரியர்கள் சமாதானம் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு அந்த முரண் அப்படியே இருக்கட்டும். தெய்வக்குரல் எல்லாக் காதிலும் ஒன்றுபோல் விழாது என்பதை ஆதிச் சபை தன் வேதத்துக்குள்ளேயே வைத்துக் காத்தது.

அந்தப் பொறுமை நீடிக்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. 2ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள பிரிகியாவில், ஆவியானவர் தங்கள் வாய்வழி இன்னும் பேசுகிறார் என்றார்கள் மொந்தானுவும், பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்ற இரு பெண்களும். ஆசியா மாகாணத்தில் சபையார் கூடி ஆராய்ந்து அவர்களை விலக்கினார்கள். அந்தப் பெண்கள் சொன்னவற்றில் சில வாக்கியங்களே மிஞ்சியுள்ளன. அவற்றில் பெரும்பகுதி, அவர்களை மறுக்க எழுதிய நூல்களுக்குள்.