நீரழுத்தப் பிளவாக்கம் (ஆழ்துளைக் கிணறு)

கடினப்பாறையில் நீர்வரத்துக் குறைந்த போர்வெல்லுக்குள் மிகுந்த அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தி, பாறையின் அடைபட்ட வெடிப்புகளைத் திறக்கும் முறை. தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியம் இதைக் கையாள்கிறது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் செய்வதுபோல் மணலோ வேதிப்பொருளோ இதில் பொதுவாகக் கலப்பதில்லை. இரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்சுவது தவறு.

எடுத்துக்காட்டாக, செங்கல்பட்டு மாவட்டத்தின் பெரும்பகுதி சார்னோகைட் என்னும் கடினப்பாறை. அதில் நீர் தங்குவது வெடிப்புகளிலும் மேலே சிதைந்த அடுக்கிலும்தான். எனவே களப்பணியின் வெற்றி பெரும்பாலும் கிணற்றைத் தேர்வதிலேயே இருக்கிறது: சுற்றிலும் நீருள்ள வெடிப்புகள் இருந்தால்தான் பலன் உண்டு, நிலத்தடி நீரே வற்றிய இடத்தில் அழுத்தம் எதையும் தராது. முதலில் கைபம்பைக் கழற்றி, ஆழத்தையும் நீர்வரத்தையும் அளப்பார்கள். கேசிங் குழாய்க்குக் கீழே, உறுதியான பாறையில் ‘பேக்கர்’ என்னும் ரப்பர் அடைப்பானை இறுக்குவார்கள். லாரித் தண்ணீரை பம்ப் உள்ளே தள்ளும்போது ஏறிக்கொண்டே போகும் அழுத்தம் சட்டென இறங்கினால், வெடிப்பு திறந்துவிட்டது என்று பொருள். பிறகு கம்ப்ரஸரால் சேற்றை வெளியேற்றி, நீர்வரத்தை மறுபடி அளப்பது கட்டாயம். இதைத் தவிர்த்தால் செலவுக்குப் பலன் கிடைத்ததா எனத் தெரியாது.

புதுப்பட்டினம் போன்ற கடலோர மணற்பகுதியில் இம்முறை பொருந்தாது. மணலில் திறக்க வெடிப்பில்லை. அடியிலுள்ள பாறையைத் திறந்தாலும் உவர்நீர் புகும் ஆபத்து உண்டு.

ஷேல் எரிவாயு எடுப்பதற்கான பிளவாக்கம் வேறு. காவிரி டெல்டாவின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் புதிய ஷேல் எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டங்களை 2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது.