தீயைக் கண்டவரும் தீயை அறிந்தவரும்

மட்டாஞ்சேரியில் மலை இல்லை. மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளைக் கடந்தால் காயல்தான். ஆயினும் இங்கே அரண்மனை கொண்டிருந்த கொச்சி அரசு கடல் வணிகத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. கிழக்கே பறம்பிக்குளம் மலைகளின் தேக்கையும் நம்பியிருந்தது. 1907-இல் நிறைவுற்ற கொச்சி அரசு வன டிராம்வே, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்தில் அம்மலைகளைச் சாலக்குடியோடு இணைத்தது. செங்குத்தான சரிவுகளில் வடம் பூட்டி மரங்களை இறக்கினர். சாலக்குடியிலிருந்து ரயில் அவற்றை ஏற்றிச் சென்றது. மரம் பணமாகிவிட்ட பிறகு, காட்டில் பற்றும் தீ கருவூலத்தில் பற்றும் தீயாகவே ஆட்சியாளருக்குத் தோன்றியது.

தீக்காவலின் வரலாறு இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது. 1860-களில் மத்திய மாகாணத்தின் போரி காட்டில் பியர்சன் என்ற அதிகாரி தீத்தடுப்பை முறையாகச் செய்து காட்டினார். காட்டைச் சுற்றிச் சருகும் புல்லும் நீக்கிய வெற்று நிலப்பட்டைகள், கோடைதோறும் கூலிக்கு அமர்த்தப்பட்ட காவலர்கள் என அம்முறை பிற பகுதிகளுக்கும் பரவியது. 1882-இன் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக் காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்ந்தது. 1910 ஆகஸ்டில் அந்நாட்டின் வடமேற்கு மாநிலங்களில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. அதன்பின் மலையுச்சிகளில் ஆயிரக்கணக்கான தீக்காவல் குடில்கள் எழுந்தன. நாற்புறமும் சாளரம், நடுவே ஒரு மேசை, அதன்மேல் ஆஸ்போர்ன் என்ற வனத்துறை அலுவலர் வடிவமைத்த திசைகாட்டும் கருவி. புகை தெரியும் திசையைக் காவலர் அளந்து சொல்வார். வேறொரு குடிலிலிருப்பவரும் தம் திசையைச் சொல்வார். வரைபடத்தில் இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே தீ எரியும் இடம். எழுத்தாளர் ஜாக் கெரோவாக் 1956-இன் கோடையை அத்தகைய ஒரு குடிலில் கழித்தார். எஞ்சியிருக்கும் குடில்கள் பல இன்று பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னங்கள். விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஏறிப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

நம் மலைகளில் அத்தகைய சின்னத்தைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். நம் தீக்காவல் கோபுரங்களைவிட மனிதரையே மிகுதியும் நம்பியது. மேற்குத் தொடர்ச்சியின் இலையுதிர் காடுகளில் தீ பெரும்பாலும் தரையோடு, சருகிலும் புல்லிலும் ஊர்ந்து செல்வது. அதை நடந்து சென்றுதான் அணைக்க வேண்டும். பச்சைக் கொப்புகளால் அடித்துத்தான் அணைக்க வேண்டும். அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களுள் பலர் அக்காடுகளிலேயே பிறந்த பழங்குடியினர்.

முரண் இங்கேதான் இருக்கிறது. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தைப் பாருங்கள். அதன் 26-ஆம் பிரிவு ஒதுக்குக் காட்டில் தீ வைப்பதைத் தடை செய்கிறது. 79-ஆம் பிரிவோ, காட்டில் உரிமை நுகர்வோர் தீயைக் குறித்துத் தகவல் தரவும் அதை அணைக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. தீயை மூட்டும் அறிவு குற்றமாயிற்று. அதை அணைக்கும் உழைப்பு கடமையாயிற்று.

அந்த அறிவு என்ன என்பதைப் பிலிகிரி ரங்கன் மலையின் சோளகர்கள் சொல்லியிருக்கிறார்கள். கோடை முற்றுமுன், சருகு குறைவாகவும் தரையில் ஈரம் சிறிது மிச்சமாகவும் இருக்கும்போது அவர்கள் சிறு தீ இடுவார்கள். அதற்குத் 'தரகு பெங்கி', அதாவது சருகுத் தீ, என்று பெயர். அம்மலை 1974-இல் சரணாலயமான பின் அவ்வழக்கம் நின்றது. உண்ணிச்செடி புதராக மண்டியதற்கு அதுவே காரணம் என்பது அவர்களுடைய முதியோரின் கூற்று. இதை வெறும் ஏக்கமாக ஒதுக்கிவிட முடியாது. 1896-லேயே ஸ்லேட் என்ற வன அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு மிகையாகிவிட்டது என்று வனத்துறை இதழில் எழுதினார். தீயே படாத காட்டில் இளந்தேக்கு மற்றச் செடிகளின் நிழலில் நசுங்கிப்போகிறது என்பதே அவ்விவாதத்தின் சாரம். எல்லாத் தீயும் ஒன்றல்ல. பருவமும் இடமும் அறிந்து இடும் தீ வேறு, கோடையின் உச்சியில் கட்டற்று எழும் தீ வேறு.

அந்த இரண்டாம் வகைத் தீயை 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் கண்டோம். கொழுக்குமலையிலிருந்து இறங்கிய மலையேற்றக் குழுவினருள் 23 பேர் மாண்டனர். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீச்சுவாலை மேற்புறத்துப் புல்லை முன்னரே உலர்த்திச் சூடேற்றிவிடுவதால், தீ மனிதர் ஓடும் வேகத்தையும் மிஞ்சி மேலே பாயும். இரண்டாண்டுகள் கழித்து, 2020 பிப்ரவரியில், பழைய கொச்சி அரசின் எல்லைக்குள் இருந்த தேசமங்கலத்தை அடுத்த கொட்டம்பத்தூரில், தோட்டக்காட்டுத் தீயை அணைக்கச் சென்ற வனக் காவலர் மூவர் அதே தீயில் மடிந்தனர். குரங்கணி நம் நினைவில் நின்றது. கொட்டம்பத்தூரின் மூவர் அவ்வளவாக நிற்கவில்லை.

இன்று இந்திய வன அளவைத் துறை 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீ எச்சரிக்கை அனுப்புகிறது. இப்போது பயன்படும் உணரி தரையை 375 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. ஆஸ்போர்னின் மேசை விண்ணுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஆனால் எச்சரிக்கை வந்தபின் கொப்பு ஒடித்துக்கொண்டு ஓடுவது அன்று போலவே இன்றும் மனிதர்தான்.

தமிழ்நாட்டில் மலையேற்றப் பாதைகள் இப்போது முறைப்படுத்தப்பட்டு, மலைமக்கள் வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டிருப்பது நல்ல தொடக்கம். தீக்காலத்தில் பாதை மூடப்பட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். திறந்திருக்கும் நாளில் போனால், உடன் வரும் வழிகாட்டியிடம் அக்காடு கடைசியாக எப்போது எரிந்தது, யார் அணைத்தார் என்று கேளுங்கள். நம் தீக்காவலின் வரலாறு பெரும்பகுதியும் அவர்களின் நினைவில்தான் இருக்கிறது.