கவரோடு வையுங்கள்! பழைய ரஷ்யக் கடிதங்கள் சொல்லும் வரலாறு

தபால்தலை சேர்ப்பது நல்ல பழக்கம் என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாருமே சொல்கிறோம். பிள்ளைகளும் ஆசையோடுதான் சேர்க்கிறார்கள். ஆனால் எப்படிச் சேர்க்கிறார்கள்? ஒரு பழைய கவர் கையில் கிடைத்தால் போதும். தலை ஒட்டியிருக்கும் மூலையைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். தலை கழன்று வரும். மிச்சக் கவர் குப்பைக்கூடைக்குப் போகும். போவது வெறும் காகிதம்தானா? வரலாறும் சேர்ந்தல்லவா போகிறது! இதை விளக்க, ஐரோப்பாவின் பழைய தபால் பாதைகளையும் ரஷ்ய நாட்டுக் கடிதங்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

குதிரை மாற்றி ஓடிய தபால்

தபால்தலை பிறந்தது 1840இல், இங்கிலாந்தில். தபாலோ அதைவிட மிகவும் மூத்தது. 1490இல் மாக்ஸிமிலியன் என்ற மன்னர், ஆஸ்திரியாவிலுள்ள இன்ஸ்புருக் நகரிலிருந்து இன்றைய பெல்ஜியத்திலுள்ள மெக்கலென் வரைக்கும் ஒரு தபால் பாதை போடச் செய்தார். அந்தப் பொறுப்பை ஏற்றவர்கள் டாக்சிஸ் என்ற இத்தாலியக் குடும்பத்தார். வழி நெடுகத் தபால் நிலையங்கள் இருந்தன. ஒருவர் கொண்டுவந்த பையை அடுத்தவர் வாங்கிக்கொண்டு, களைப்பில்லாத குதிரையில் பறப்பார். 1505ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பிரஸ்ஸல்ஸிலிருந்து இன்ஸ்புருக்குக்குக் கோடையில் ஐந்தரை நாள், குளிர்காலத்தில் ஆறரை நாள். எத்தனை மணிக்குப் பை வந்தது என்று நிலையந்தோறும் சீட்டில் எழுத வேண்டும். தாமதம் எங்கே என்பது அதிலே தெரிந்துவிடும்! இந்தக் குடும்பத்தின் தபால் தொழில் 1867 வரை நடந்தது.

ரஷ்யாவில் கதை வேறு. அங்கே மங்கோலியர் ஆட்சிக்காலத்திலிருந்து ‘யாம்’ என்ற ஏற்பாடு இருந்தது. பாதையோரக் குடியிருப்புகளில் குதிரைகளோடு ‘யாம்ஷிக்’ என்ற வண்டியோட்டிகள் காத்திருப்பார்கள். ஆனால் அது அரசாங்கத் தூதர்களுக்குத்தான். 16ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவுக்குப் போன ஹெர்பெர்ஸ்டைன் என்ற தூதர், தம் பணியாள் நோவ்கோரொட்டிலிருந்து மாஸ்கோவுக்கு 600 வெர்ஸ்ட் தூரத்தை 72 மணி நேரத்தில் கடந்ததாக வியந்து எழுதியிருக்கிறார். ஒரு வெர்ஸ்ட் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பனி பெய்யும் நாட்டில் இது சாதாரண வேகமா?

இந்த இரண்டு பாதைகளும் 17ஆம் நூற்றாண்டில் கைகோத்தன. 1665இல் வான் ஸ்வீடன் என்ற டச்சுக்காரரோடு மன்னர் அலெக்ஸி ஒப்பந்தம் செய்து, ரீகா துறைமுகம் வழியாக ஐரோப்பியச் செய்தித்தாள்களை வரவழைத்தார். சில ஆண்டுகளில் ரீகாவுக்கும் வில்னாவுக்கும் ஒழுங்கான தபால் ஓடத் தொடங்கியது. வியாபாரிகளின் கடிதமும் அதில் போனது. எல்லாருக்கும் இது பிடித்ததா என்றால், இல்லை. பொசொஷ்கோவ் என்ற எழுத்தாளர், நம் நாட்டு ரகசியமெல்லாம் இந்த வழியாக வெளியே போய்விடுகிறது என்று குறைபட்டுக்கொண்டார்!

கடிதத்தைப் படிக்காமலே படிக்கலாம்

“சார், ரஷ்ய மொழி தெரியாதவன் அந்தக் கடிதத்தை வைத்து என்ன செய்வது?” என்று பிள்ளைகள் கேட்கலாம். உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டாமே. வெளியே இருப்பதைப் பாருங்கள்.

அக்காலத்தில் கவர் கிடையாது. எழுதிய தாளையே மடித்து அரக்கு வைப்பார்கள். மேலே பேனாவால் கிறுக்கிய எண்கள் கட்டணக் கணக்கு. எந்த எல்லைவரை பணம் கட்டியாயிற்று, மீதியை வாங்குகிறவர் கொடுக்க வேண்டுமா என்பதெல்லாம் அதிலே இருக்கும். ஊர் முத்திரைகளை வரிசைப்படுத்தினால் கடிதம் போன பாதையே கிடைத்துவிடும். சில கடிதங்களில் கத்தியால் கீறிய வெட்டுகள் இருக்கும். யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1830இல் மாஸ்கோவைக் காலரா தாக்கியது. அடுத்த ஆண்டு பிரஷ்ய எல்லையில் கடிதங்களைக் கீறிப் புகைபோட்ட பிறகே உள்ளே விட்டார்கள். அந்தக் கீறல் ஒரு கொள்ளைநோயின் சாட்சி!

இன்னொரு வேடிக்கை. 1865 மார்ச் 18ஆம் தேதி பெர்லினில் போட்ட கடிதம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மார்ச் 9ஆம் தேதி முத்திரையோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போடுவதற்கு ஒன்பது நாள் முந்தியே வந்துவிட்டதா? இல்லை. ரஷ்யா அப்போது பழைய நாட்காட்டியைப் பின்பற்றியது. அது 12 நாள் பின்தங்கியிருந்தது. ரஷ்யத் தேதி 9 என்றால் பெர்லினில் 21. ஆகப் பயணம் மூன்றே நாள், காரணம் ரயில். 1918இல்தான் ரஷ்யா நாட்காட்டியை மாற்றிக்கொண்டது.

இரண்டு தலைகள், ஒரு பயணம்

ரஷ்யாவின் முதல் தபால்தலை 1858இல் வெளிவந்தது. விலை 10 கோபெக். பழுப்பும் நீலமும் கலந்த நிறம். ஓரத்தில் துளையிடும் இயந்திரம் தயாராகாததால் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டினார்கள். முதலில் தலைமேல் பேனாக் கோடு போட்டே ரத்து செய்தார்கள். ஊர் முத்திரை கடிதத்தின்மேல் தனியே விழுந்தது. இப்போது யோசியுங்கள்: அந்தத் தலையை மட்டும் கழற்றி எடுத்தால் மிஞ்சுவது என்ன? ஊரும் இல்லை, தேதியும் இல்லை; ஒரு பேனாக் கோடுதான்.

இதைவிட நல்ல உதாரணம் ‘செம்ஸ்த்வோ’ தபால். அரசாங்கத் தபால் மாவட்டத் தலைநகர்வரைதான் போகும். அதற்கப்பால் இருந்த கிராமத்து ஏழைகள் ஒரு கடிதத்துக்காகப் பட்டணம்வரை நடக்க வேண்டும். 1864இல் ஏற்பட்ட செம்ஸ்த்வோ என்ற உள்ளூர் மன்றங்கள், தாங்களே கிராமத் தபால் நடத்தித் தலைகளும் அச்சிட்டன. அரசாங்கத் தலையைப் போல இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு 1870இல் அரசாங்கமும் அனுமதி தந்தது. ஆகவே கிராமத்திலிருந்து தலைநகருக்குப் போகும் கடிதத்தில் இரண்டு தலைகள் இருக்கும்: பட்டணம்வரை செம்ஸ்த்வோ தலை, அதற்குமேல் அரசாங்கத் தலை. இரண்டும் ஒரே கவரில் சேர்ந்திருந்தால்தான் அந்தக் கிராமத்தான் கடிதம் எப்படிப் போனதென்று நமக்குத் தெரியும். பிரித்துவிட்டால் இரண்டு வண்ணக் காகிதங்கள்தான்.

மாணவச் செல்வங்களே! ரஷ்யாவுக்குப் போய்த்தான் இப்படிப்பட்ட கடிதம் தேட வேண்டுமென்பதில்லை. தாத்தா பாட்டி டிரங்குப் பெட்டியில், கப்பலில் வந்த ஊர்க் கடிதம் ஒன்றிரண்டு இருக்கலாம். போட்ட ஊர், வந்த ஊர், தேதி எல்லாம் அதன் முத்திரையில் இருக்கும். கைப்படக் கடிதம் எழுதுவதே அரிதாகிவிட்ட இக்காலத்தில், இருப்பது போனால் மறுபடி வராது. பெற்றோர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பெட்டியைச் சுத்தம் செய்யும்போது பழைய கடிதத்தை எரித்துவிடாதீர்கள். ஈரமும் கரையானும் படாத இடத்தில், தலையோடும் முத்திரையோடும் முழுசாக வையுங்கள். யார், எப்போது, எங்கிருந்து எழுதினார் என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். தலை சேர்ப்பது பொழுதுபோக்கு. கடிதத்தைக் காப்பது வரலாற்றுக்குச் செய்கிற தொண்டு.